எளிய கமெராவும் மலையக முகங்களும்



கண்டி மாநகரை அடுத்த ஹந்தானை மலைச்சாரலில், 1925ஆம் ஆண்டில் எழுந்த தேயிலைத் தொழிற்சாலை ஒன்று உண்டு. 2001ஆம் ஆண்டு முதல் அது தேயிலை அரும்பொருட்சாலையாக விளங்குகிறது. பழைய இயந்திரங்கள் அங்கே பேணப்பெறுகின்றன. அவ்வியந்திரங்களுக்குக் கொழுந்து கொய்து தந்தோரின் முகங்கள் எங்கே? லயத்து அறைகளில், பழைய பிஸ்கட் தகரங்களுக்குள்ளே அவற்றைத் தேட வேண்டும்.

மலைநாடு கமெராவுக்குப் புதியதன்று. 1870களிலேயே ஸ்கோவன் என்பார் கண்டியில் படப்பிடிப்பு நிலையம் நடத்தினார். ஆயினும், அக்காலப் படங்களிலே கொழுந்து பறிக்கும் பெண் மலையோடும் மரத்தோடும் சேர்ந்த ஒரு காட்சியாகவே நின்றாள். அவள் பெயரைக் குறித்துவைத்தோர் அரியர்.

இந்நிலை மாறத் துணைநின்றது விலை மலிந்த கமெராவே. 1900ஆம் ஆண்டில் கொடக் நிறுவனம் வெளியிட்ட பிரவுனி வெறும் அட்டைப்பெட்டி; விலை ஒரு டொலர். 1950களில் வந்த பிரவுனி 127, பேக்கலைட் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனது. அதில் வில்லை ஒன்று, வேகமும் ஒன்றே. தூரத்துக்கேற்பத் திருத்தும் வசதி இல்லை. வெயில் முதுகில் விழ நின்று பொத்தானை அழுத்தினாற் போதும். மலையிலே பனிமூட்டம் இறங்கிவிட்டாலோ படம் மங்கிவிடும். சுருள் ஒன்றுக்கு எட்டே படங்கள். ஆதலின், யாரை எடுப்பது என்று எண்ணியே எடுத்தனர். தாய், மணமக்கள், புதிதாய்ப் பிறந்த குழந்தை என, உற்றார் கண்ணுக்கு உரியவரே அதில் இடம்பெற்றனர்.

இதன் அருமையை 1964ஆம் ஆண்டு உணர்த்திற்று. அவ்வாண்டின் ஸ்ரீமா-சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் உரியவராக வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிய முடிவு 1974இல் ஏற்பட்டது. அண்ணன் கடல் கடக்க, தங்கை தோட்டத்திலே தங்கிய குடும்பங்கள் பல. பிரிந்தவர்க்கு, மங்கிய சிறு படமே மீண்டும் காணும் முகமாயிற்று.

அப்படங்கள் சில இன்றும் மலையக வீடுகளில் உள்ளன. படத்தைச் செல்லரிக்குமுன் மறதி அரித்துவிடுகிறது. பாட்டி இருக்கும்போதே, "இவர் யார்?" என்று கேட்டு, பெயரையும் ஊரையும் ஆண்டையும் படத்தின் பின்புறம் மென்பென்சிலால் எழுதிவைத்தல் நன்று. பெயரற்ற காட்சியாக நின்ற மக்களுக்கு எளிய கமெரா முகம் தந்தது. அம்முகங்களுக்குப் பெயர் தருவது பேரப்பிள்ளைகளின் கடன்.