தளர்நடையில் தஞ்சை



பழந்தமிழ்ப் புலவர்கள் நகரத்தைப் பாடியபோது குழந்தையை மறந்தாரில்லை. காவிரிப்பூம்பட்டினத்தின் வளத்தைச் சொல்லப் புகுந்த கடியலூர் உருத்திரங்கண்ணனார், பட்டினப்பாலையில் கப்பலையும் சுங்கத்தையும் காட்டுவதற்கு முன்பே, குதிரை பூட்டாத மூன்றுகால் சிறுதேரை உருட்டிவரும் சிறுவரைக் காட்டிவிடுகிறார். காயும் உணவைக் கவரவரும் கோழியின்மேல் ஒரு பெண் தன் காதணியைக் கழற்றி எறிகிறாள். அது தேர் செல்லும் வழியை மறித்துக்கொண்டு கிடக்கிறது. செல்வச் செழிப்பைச் சொல்லும் இடம் இது என்பர். அது மெய்யே. ஆனால் அந்தக் குழை ஒரு தடை என்பதை அறிய, பார்வை ஒரு முழ உயரத்துக்கு இறங்க வேண்டும். அதே புலவர் பெரும்பாணாற்றுப்படையிலும் தேருருட்டிக் களைத்த பிள்ளை செவிலியிடம் பால் உண்டு உறங்குவதைப் பாடுகிறார். பிற்காலத்துப் பிள்ளைத்தமிழில் குழந்தைக்குப் பத்துப் பருவங்கள் வாய்த்தன. எனினும் அங்கே குழந்தை பெரும்பாலும் தெய்வம், அல்லது தலைவன். அதற்குக் கால் சுடுவதில்லை, தூக்கம் கலைந்து அழுவதுமில்லை.

தஞ்சைப் பெரியகோயிலைப் பற்றி இக்காலத்தில் எழுதப்படும் கவிதைகளுள் பல அண்ணாந்து பார்த்து எழுதப்பட்டவை. விமானம், மன்னன், மாட்சி என்று அவை மேலேயே செல்கின்றன. இரண்டு வயதுப் பிள்ளையுடன் வருவோர்க்கு அண்ணாந்து பார்க்க இயலாது. பிள்ளை எங்கே என்று தரையைத்தான் பார்க்க வேண்டும். குடும்பத்தோடு ஊர் பார்ப்பது கலையறிவுக்கு இடையூறு என்று கற்றோர் பலர் கருதுவதுண்டு. அக்கருத்தை ஒரு குடும்பத்தின் தஞ்சைப் பயணத்தை வைத்துச் சற்றே ஆராயலாம்.

நெல்லைப் பக்கத்திலிருந்து ஒரு பொங்கல் விடுமுறையில் வேனில் வந்தவர்கள் பதினொருவர். தாத்தா, ஆச்சி, பெரியப்பா, பெரியம்மா, அத்தை, சித்தப்பா, அவர்தம் மக்கள், இவர்களோடு இரண்டு வயது நிரம்பாத ஒரு பேரன். ஆச்சிக்கு முழங்கால் வலி. பேரனுக்கோ நடை வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. ஆக, பயணத்தின் வேகத்தை இவ்விருவருமே வகுத்தனர். பேரனின் தாய் வரலாற்றில் முதுகலை படித்தவர். இராசராசனின் கல்வெட்டுகளைத் தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் பாடமாகப் படித்தவர். கல்லைப் பார்த்ததில்லை. இப்பயணம் அவர் கேட்டு அமைந்தது. ஆயினும் பிள்ளையை வைத்துக்கொள்வதும் அவர் பொறுப்பாகவே அமைந்தது.

முதல்நாள் மாலை அரண்மனை. சரசுவதி மகால் காட்சிக்கூடத்தில் பேரன் கண்டது கண்ணாடிப் பேழையில் தெரிந்த தன் முகத்தைத்தான். இரண்டாம் சரபோசி தம் காசி யாத்திரையின்போது பெரும் பரிவாரத்தோடு சென்று சுவடிகளும் திரட்டிவந்தவர் என்று தாய் சொல்லத் தொடங்குமுன் பிள்ளை வீறிட்டான். தாயும் மகனும் வெளியே வந்தனர். மற்றவர்கள் உள்ளே எல்லாவற்றையும் பார்த்து முடித்தனர். கடைத்தெருவில் ஒரு தலையாட்டி பொம்மை வாங்கினார்கள். தள்ளினாலும் விழாத அப்பொம்மையைத் தள்ளிப் பார்த்துத் தானே விழுந்து எழுந்தான் பேரன்.

மறுநாள் முற்பகல் பெருவுடையார் கோயில். இராசராசன் தன் இருபத்தைந்தாம் ஆட்சியாண்டின் 275-ஆம் நாளில், 1010-ஆம் ஆண்டில், விமானத்தின் உச்சிக்குக் கலசம் வழங்கினான் என்று கல்வெட்டு கூறும். அந்த விமானத்தின் நிழல் தரையில் விழாது என்பது தஞ்சைக்கு வருவோர் யாவரும் கேட்கும் கதை. பெரியப்பாவும் அதையே பெருமிதத்தோடு எடுத்துரைத்தார். அவ்வேளையில் கல்தளம் சூடேறத் தொடங்கியிருந்தது. காலைத் தூக்கித் தூக்கி வைத்த பேரனை ஆச்சி கையைப் பிடித்து நிழலுக்கு இழுத்தார். அது விமானத்தின் நிழல்! தை மாதத்தில் கதிரவன் தென்பால் சாய்ந்திருப்பதால் வடபுற முற்றத்தில் அந்நிழல் நன்றாகவே விழுகிறது. அதில் நின்றுகொண்டே பெரியப்பா கதையைச் சொல்லி முடித்தார் என்பது வேறு. பெருமைக்குப் பொய் துணை வேண்டாத ஒரு கோயிலுக்கு நாம் ஏன் இக்கதையைச் சுமத்துகிறோமோ தெரியவில்லை.

பேரன் அந்நிழலை விட்டு வருவதாயில்லை. இரண்டு எறும்புகளும் ஒரு காய்ந்த இலையும் கிடைத்துவிட்டன. அப்போது தாத்தா மருமகளைப் பார்த்து, “நீ போய்ப் படிச்சிட்டு வாம்மா. இவனை நான் வச்சுக்கிடுதேன்” என்றார். “மாமா, அவன் அழுதா...” என்று தயங்கியவரை, “அழுதா அழட்டும், நான் இல்லையா?” என்று அனுப்பிவைத்தார். பயணத்தின் இரண்டு நாள்களில் அவர் தனியே நடந்த நேரம் அரைமணிக்கும் குறைவு.

விமானத்தின் அடித்தளத்தில் இராசராசனின் ஆணை இருக்கிறது. புள்ளியில்லா எழுத்துகளைக் கூட்டிக்கூட்டிப் படிக்கவேண்டும். தான் கொடுத்தவை, தன் தமக்கை கொடுத்தவை, தன் பெண்டிர் கொடுத்தவை, மற்றையோர் கொடுத்தவை என்று வரிசைப்படுத்தி, அனைத்தையும் கல்லில் வெட்டுமாறு மன்னன் பணித்தான். தனக்கு அடுத்துத் தமக்கை குந்தவையை வைத்த வரிசை அது. அந்தக் குந்தவை இக்கோயிலில் எழுந்தருளுவித்த திருமேனிகளுள் அவருடைய தந்தையின் உருவும் தாயின் உருவும் அடங்கும். ஆடவல்லான் என்னும் கல்லால் பொன்னை நிறுத்த எடையும், அணிகளில் கோத்த முத்துகளின் எண்ணிக்கையும், ஒரு விளக்குக்கு 96 ஆடுகள் என்ற கணக்கும் தொடர்கின்றன. வேன் வாடகை முதல் செருப்புக் காப்பகத்துச் சில்லறை வரை குறிப்பேட்டில் எழுதிவந்த சித்தப்பா, மதினி படித்துச் சொல்லக் கேட்டு இந்த இடத்தில்தான் முதன்முறையாக ஆர்வம் காட்டினார். ஆக, அண்ணாந்து பார்க்கும் கவிதை காணாத இராசராசன் இந்த அடித்தளத்தில் இருக்கிறான். அக்காவை மதித்த தம்பியாக, கணக்கில் கண்டிப்பான குடும்பத் தலைவனாக.

தாத்தா பேரனை இடுப்பில் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்துவிட்டார். எட்டிய கையால் எழுத்தின் குழியைத் தடவப் போன பிள்ளையைத் தாய் தடுத்தார். தடுத்தது சரியே. ஆயிரம் ஆண்டு நின்ற எழுத்து, ஆயிரக்கணக்கான விரல்களைத் தாங்காது.

திருச்சுற்று மாளிகையில் அமர்ந்தபின் அத்தை, “வேற என்ன எழுதியிருக்கு?” என்று கேட்டார். பல ஊர்க் கோயில்களிலிருந்து இங்குக் கொண்டுவந்து குடியமர்த்தப்பட்ட தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயர்கள் வடபுறத் திருச்சுற்றின் புறச்சுவரில் உள்ளன என்றார் தாய். எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர் என்பது வரை ஒவ்வொருவர்க்கும் குறிக்கப்பட்டிருக்கிறது. ஆளுக்கு ஒரு பங்கு. பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல்.

முழங்காலை நீவிக்கொண்டிருந்த ஆச்சி நிமிர்ந்தார். “அந்தப் பொம்பளைங்க பிள்ளைங்க பேரு இருக்கா?”

இல்லை என்றார் மருமகள். அவர்களுள் ஒருவர் இறந்தாலோ வேற்றூர் சென்றாலோ, அடுத்த முறை உறவினர் அப்பங்கைப் பெற்று அப்பணியைச் செய்யவேண்டும் என்று மட்டும் எழுதியிருக்கிறது.

“அப்போ பிள்ளைங்களும் இங்கனதான் ஓடியாடித் திரிஞ்சிருக்கும்” என்றார் ஆச்சி. பேரன் தாத்தாவின் தோளில் உறங்கிப்போயிருந்தான். முகத்தில் வெயில் படாதபடி முந்தானையால் மறைத்துப் பிடித்தபடி, அவரும் தாத்தாவின் பக்கத்தில் மெல்ல வாயிலை நோக்கி நடந்தார்.