தொடாமல் துணை வருவோம்

(பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



பொன்விழாக் கூட்டம் என்றதும் இந்தக் கோவில் எழுந்த வரலாற்றைச் சொல்வோம் என எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். அந்த வரலாறு விழா மலரில் தனியே இடம்பெறுகிறது. இன்று நாம் பேச விரும்புவது ஒரு நீச்சல்காரியைப் பற்றி. கடலோரத்தில் பிறந்து வளர்ந்த உங்களிடம் நீச்சலைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கும் கதைதான். ஆயினும் சற்றுப் பொறுமையோடு கேளுங்கள். பிள்ளை வளர்ப்பவர்களுக்கு அதில் ஒரு பாடம் இருக்கிறது.

அவள் பெயர் கெர்ட்ரூட் எடர்லி. ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய ஓர் இறைச்சிக் கடைக்காரரின் மகளாக 1905-இல் நியூயார்க்கில் பிறந்தாள். சிறு வயதில் கண்ட மணல்வாரி அம்மை அவளுடைய செவித்திறனைக் கெடுத்தது. தண்ணீரில் இறங்கினால் காது இன்னும் மோசமாகும் என மருத்துவர்கள் எச்சரித்தனர். ஆனால் தண்ணீரை விட்டு அவளால் இருக்க முடியவில்லை. 1924-இல் பாரிஸ் ஒலிம்பிக் போட்டியில் தொடர் நீச்சலில் தங்கமும், தனிப் போட்டிகளில் இரண்டு வெண்கலமும் வென்றாள். 1925 ஜூனில் நியூயார்க் துறைமுக முனையிலிருந்து சாண்டி ஹூக் வரை கடலில் 7 மணி 11 நிமிடத்தில் நீந்தினாள். அடுத்து அவள் கண் வைத்தது ஆங்கிலக் கால்வாயின் மீது.

கால்வாய் என்றதும் வயலுக்குப் பாயும் வாய்க்காலை நினைத்துவிட வேண்டாம். பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே கிடக்கும் கடல் அது. மிகக் குறுகிய இடத்திலேயே 21 மைல் அகலம். கோடையிலும் உடலை விறைக்கச் செய்யும் குளிர். ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை நீரோட்டம் திசை மாறும். நீவாடு எதிர்த்தால் படகே பக்கவாட்டில் இழுபடும் என்பதை உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நீந்துகிறவர் நிலை என்ன? 1875-இல் மாத்யூ வெப் என்ற கப்பல் தலைவர் முதன்முதலில் அதை நீந்திக் கடந்தார். அதன் பின் 50 ஆண்டுகளில் வெற்றி கண்டவர்கள் இன்னும் நான்கு ஆண்கள் மட்டுமே. பெண் எவரும் கடந்ததில்லை.

இந்நீச்சலுக்கு ஒரு விதி உண்டு. துணைப்படகு உடன் வரலாம், அதிலிருந்து உணவு கொடுக்கலாம், வழி காட்டலாம், உற்சாகப்படுத்தலாம். ஆனால் நீந்துகிறவர் படகைப் பிடிக்கக் கூடாது. படகில் இருப்பவர் அவரைத் தாங்கிப் பிடிக்கவும் கூடாது. அப்படித் தொட்டுவிட்டால் அந்த நீச்சல் அத்துடன் முடிந்தது.

1925 ஆகஸ்டில் எடர்லி முதன்முறை முயன்றாள். அவளுக்கு அமர்த்தப்பட்ட பயிற்சியாளர், தாமே இருபது முறைக்கு மேல் அக்கடலில் இறங்கித் தோற்றவர். ஏறக்குறைய ஒன்பது மணி நேரம் கடந்திருந்தது. அவள் தண்ணீரில் அசைவற்றுக் கிடந்தாள். மூழ்கப் போகிறாள் என்று முடிவு செய்தார் பயிற்சியாளர். அவர் சொற்படி, உடன் நீந்தியவர் அவளைப் பற்றினார். எல்லாம் முடிந்தது. தான் மூழ்கவில்லை, சற்று ஓய்ந்து மிதந்ததாகவே அவள் பிறகு சொன்னாள். அவளைப் பற்றிய கை பகைவனின் கையன்று. காப்பாற்ற வந்த கை. அந்தக் கைதான் அவள் கனவை நிறுத்தியது.

மறு ஆண்டு அவள் திரும்பி வந்தாள். 1926 ஆகஸ்டு 6 காலை பிரான்சின் கிரீ-நே முனையில் உடலெங்கும் கொழுப்பும் எண்ணெயும் பூசிக்கொண்டு கடலில் இறங்கினாள். இம்முறை தந்தையும் அக்காள் மார்கரெட்டும் படகில் இருந்தனர். தானாகக் கேட்டாலன்றி எவரும் தன்னை வெளியே எடுக்கக் கூடாது என்று அவள் தந்தையிடம் உறுதி வாங்கியிருந்தாள். அவர்கள் பாட்டுப் பாடினார்கள், சூப்பு கொடுத்தார்கள். முடித்தால் சிவப்பு நிறக் கார் ஒன்று வாங்கித் தருவதாகத் தந்தை வாக்களித்திருந்தார். அதையும் நினைவூட்டிக்கொண்டே வந்தார்கள். பிற்பகலில் வானம் இருண்டு, காற்றும் மழையும் அலையும் கூடின. புதிய பயிற்சியாளரே கலங்கி, வெளியே வந்துவிடச் சொன்னார். எதற்காக வரவேண்டும் என்று அவள் திருப்பிக் கேட்டாளாம்!

அந்தத் தந்தையின் மனநிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். கைக்கெட்டும் தூரத்தில், பொங்கும் கடலில், காது சரியாகக் கேளாத இருபது வயது மகள். நீட்டினால் தூக்கிவிடலாம். நீட்டினால் அவள் ஓராண்டு உழைப்பு வீணாகும். நீட்டாமல் இருக்க எவ்வளவு அன்பு வேண்டும்! அவர் வாக்கைக் காத்தார். இரவு இங்கிலாந்தின் கிங்ஸ்டவுன் கரையில் மக்கள் தீ மூட்டிக் காத்திருக்க, அவள் தன் காலால் நடந்து கரையேறினாள். ஆன நேரம் பதினான்கரை மணிக்குச் சற்றே அதிகம். அதற்கு முன் கடந்த ஐந்து ஆண்களில் மிக விரைவானவரையும்விட ஏறக்குறைய இரண்டு மணி நேரம் குறைவு. கரையில் ஓர் அதிகாரி அவளிடம் பாஸ்போர்ட் கேட்டதாகவும் சொல்வார்கள்.

நம் நாட்டுக் கல்கத்தாவின் ஆரதி சாகாவும் அப்படித்தான். 1959 ஆகஸ்டில் அதே கால்வாயில் நடந்த போட்டியில் கரை சேராமல் திரும்பி, மனம் தளராமல் செப்டம்பர் 29-இல் மீண்டும் இறங்கி, 16 மணி 20 நிமிடம் நீந்தி, கால்வாயைக் கடந்த முதல் ஆசியப் பெண்மணி ஆனார். அவருக்கும் அதே விதிதான்.

அப்படியானால் ஆபத்தில் கைவிட்டுவிட வேண்டுமா எனக் கேட்பீர்கள். இல்லை. தண்ணீரின் மேல் நடந்த பேதுருவை நினையுங்கள். ஆண்டவர் அவரைப் படகை விட்டு இறங்கி வரச் சொன்னார், அருகிலேயே நின்றார், காற்றைக் கண்டு பேதுரு அஞ்சியபோதும் பார்த்துக்கொண்டிருந்தார். மூழ்கத் தொடங்கிக் கூவியதும் உடனே கை நீட்டிப் பிடித்தார். கூவுமுன் பிடிக்கவில்லை, கூவியபின் தாமதிக்கவும் இல்லை. துணை நிற்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான இலக்கணம் ஏது?

பிறருக்குச் சொல்லுமுன் நம் குற்றத்தை நாமே ஒப்புக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் செவி கேளாத மகனை அழைத்துக்கொண்டு ஒரு தாய் நம் பங்குமனைக்கு வந்தார். அவனைப் பீடச் சிறுவர்களோடு சேர்க்க வேண்டும் என்றார். நாம் மறுத்தோம். செபம் கேட்காதே, மணியடிக்கும் வேளை தெரியாதே, எல்லோர் முன்னும் பிள்ளை தவித்துப் போவானே என்றோம். பரிவோடுதான் சொன்னோம். அந்தத் தாய் எதிர்த்துப் பேசவில்லை. மகன் நம் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் நீந்துமுன்பே பிடித்து வெளியே எடுத்துவிட்டோம்.

நம் தவற்றைத் திருத்தியவர்கள் பீடச் சிறுவர்களே. மூத்த பையன் ஒருவன் நம்மைக் கேளாமலேயே அவனுக்குக் கைச்சாடையில் திருப்பலியின் வரிசையைக் கற்றுக்கொடுத்து, ஒரு ஞாயிறு அவனை அங்கி உடுத்திக் கொண்டுவந்து நிறுத்தினான். இப்போது எழுந்தேற்றத்தின்போது நம் கை உயர்வதைப் பார்த்து அவன் மணியடிக்கிறான். அந்த ஓசை அவனுக்குக் கேட்பதில்லை. அது கேட்டு நாம் அனைவரும் தலை வணங்குகிறோம்.

எடர்லி அம்மையார் பின்னாளில் 1933-இல் படியில் விழுந்து முதுகெலும்பு அடிபட்டு, ஆண்டுக்கணக்கில் துன்புற்று, மீண்டும் தண்ணீருக்குத் திரும்பினார். செவித்திறனை ஏறக்குறைய முழுவதும் இழந்தார். அவர் நியூயார்க்கில் செவி கேளாத பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுத்து வாழ்ந்தார். 2003-இல், 98-ஆம் வயதில் காலமானார்.

பெற்றோர்களே, உங்கள் மகன் எடுக்க விரும்பும் படிப்பு, மகள் செல்ல விரும்பும் வேலை, பிள்ளை துணிந்து கேட்கும் தேவ அழைத்தல், இளைஞர்கள் தாமே நடத்த முன்வரும் திருவிழா எல்லாவற்றிலும் நம் கை முந்திக்கொண்டு நீள்கிறது. இந்தப் பங்கை 50 ஆண்டுகள் பெரியவர்கள் நடத்தி வந்தோம். இனி நீந்த வேண்டியவர்கள் அவர்கள். நாம் படகை விட்டு எங்கும் போகவேண்டாம். உணவு கொடுப்போம், பாடுவோம், வழி காட்டுவோம், கூவினால் அந்தக் கணமே கை கொடுப்போம். அதுவரை கையை மடக்கிக்கொண்டு செபிக்கும் வரத்தை ஆண்டவர் நமக்கு அருள்வாராக.

ஆமென்.