அவசரமும் வெட்கமும்

(கிறிஸ்துமஸை முன்னிட்டு பேராவூரணியில் நடைபெற்ற ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனைக் குருவானவர் ஆற்றிய உரை)



வழக்கமாக இந்தக் கூடுகையில் மாட்டுத்தொழுவத்தையும் மேய்ப்பர்களையும் பற்றிப் பேசுவேன். இம்முறை திருடர்களைப் பற்றிப் பேசப்போகிறேன். செயலாளர் ஐயா சற்று முகம் சுளித்தார்; ஆனாலும் அனுமதித்துவிட்டார்.

2024-ல் தீபாவளி முடிந்த வாரம், நமது பெண்கள் வார்டில் ஒரு தாயார் படுத்திருந்தார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியை. மாத்திரை கொடுத்தும் இரத்த அழுத்தம் இறங்கவில்லை. நான் ஜெபிக்கச் செல்லும்போதெல்லாம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். மருமகளோடு ஏதோ மனஸ்தாபம் என்று நானாகவே முடிவு கட்டிவிட்டேன். அது என் தவறு. நான்காம் நாள், "ஐயா, என் மகனிடம் சொல்லிவிட மாட்டீர்களே?" என்று கேட்டுவிட்டு, விஷயத்தைச் சொன்னார்கள். பேரப்பிள்ளைகளுக்குப் பட்டாசு வாங்க, செல்போனில் வந்த விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டியிருக்கிறார்கள். பாதி விலை என்று போட்டிருந்ததாம். முதலில் 6,000 ரூபாய். பிறகு லாரி வாடகை என்றும், வரி என்றும், கட்டின பணத்தைத் திருப்பித் தர முன்பணம் என்றும் கேட்டுக் கேட்டு 41,000 வரை போய்விட்டது. சிங்கப்பூரில் இருக்கும் மகன் வீட்டுக் கூரை வேலைக்கு அனுப்பின பணம் அது. (அந்தத் தாயாரின் சம்மதத்தோடுதான் பெயர் சொல்லாமல் இதைக் கூறுகிறேன்.)

இணைய வணிகத் தளங்கள் பட்டாசுக்கு ஆர்டர் எடுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரிலேயே தடை விதித்துவிட்டது. 2024 தீபாவளிக்கு முன்பு தமிழ்நாடு காவல்துறையின் இணையவழிக் குற்றப்பிரிவும் போலிப் பட்டாசு விற்பனைப் பக்கங்களைக் குறித்து எச்சரித்தது. ஆனால் பண்டிகை நெருக்கத்தில் யார் அதைப் படிக்கிறார்கள்? "இன்று இரவு வரை மட்டும்" என்ற வரியைத்தான் படிக்கிறோம்.

தீபாவளியில் பட்டாசு என்றால் நமது பண்டிகையில் வேறு வேஷம். "உங்கள் பார்சலில் விலாசம் சரியில்லை, இதை அழுத்துங்கள்" என்று தபால் இலாகா பெயரில் ஒரு செய்தி வரும். வாழ்த்து என்றோ அழைப்பிதழ் என்றோ ஒரு கோப்பு வரும்; அதன் பெயரின் முடிவில் ஏபிகே என்று இருந்தால் அது வாழ்த்து அட்டை அல்ல, போனுக்குள் புகும் ஒரு செயலி. திறக்க வேண்டாம். போதகர் பெயரிலேயே செய்தி வருவதும் உண்டு. "கூட்டத்தில் இருக்கிறேன், பேச முடியாது, ஒரு ஏழைக்கு உடனே உதவி தேவை" என்று சபையாரிடம் பணம் பறித்ததைக் குறித்து அமெரிக்க அரசின் வணிக ஆணையம் 2019-ல் எச்சரித்தது. என் பெயரில் அப்படி ஏதாவது வந்தால், உங்கள் பழைய டைரியில் இருக்கும் என் எண்ணுக்குப் போன் செய்து, நான்தானா என்று கேளுங்கள். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். நமது அலுவலகமும் போனில் உங்களிடம் ஓடிபி கேட்காது. ஜிபே, போன்பே எதுவானாலும் பணம் பெறுவதற்கு இரகசிய எண்ணைத் தட்டத் தேவையில்லை. பணம் வருவதற்கு அதைத் தட்டச் சொல்லுகிறவன் திருடன்.

படித்தவர்கள் ஏமாற மாட்டார்கள் என்று எண்ண வேண்டாம். 2024-ல் லூதியானாவைச் சேர்ந்த வர்த்தமான் குழுமத் தலைவர் எஸ். பி. ஓஸ்வால், 82 வயதானவர், இப்படி 7 கோடி ரூபாய் இழந்தார். போலி அதிகாரிகள் வீடியோவில் அவரை "கைது" செய்து, போலி உச்ச நீதிமன்ற விசாரணையும் நடத்தினார்கள். "டிஜிட்டல் கைது" என்று சட்டத்தில் ஒன்றுமே இல்லை. பிரதமரும் 2024 அக்டோபர் 27 அன்று வானொலியில் அதைச் சொன்னார். ஓஸ்வால் வெட்கப்பட்டு மறைக்கவில்லை, புகார் செய்தார். 5.25 கோடியைக் காவல்துறை மீட்டது.

கடைமடைக்காரர்களாகிய நமக்கு இது விளங்கும். வாய்க்காலில் உடைப்பு எடுத்தால் ராத்திரி என்றும் பாராமல் மண்வெட்டியோடு ஓடுகிறோம். விடியட்டும் என்று படுத்திருந்தால் பயிர் மிஞ்சாது. பணமும் அப்படித்தான். திருடன் அதை ஒரே கணக்கில் வைத்திருப்பதில்லை. இரவல் கணக்குகள் வழியாக மாற்றி மாற்றி, கடைசியில் ரொக்கமாக எடுத்துவிடுவான். 1930 என்ற எண்ணுக்கு உடனே போன் செய்தால், பணம் எந்தெந்தக் கணக்குக்குப் போயிற்று என்று தேடி, மீதி இருப்பதை வங்கிகள் நிறுத்தி வைக்கின்றன. பணம் போன தேதி, நேரம், தொகை, பரிமாற்ற எண் இவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வெட்கத்தினால் எந்தச் செய்தியையும் அழித்துவிட வேண்டாம், அதுதான் சாட்சி. உங்கள் வங்கிக்கும் அப்போதே தெரிவியுங்கள்.

நமது தாயாருக்காக வார்டிலிருந்தே 1930-க்குப் பேசினோம். நாட்கள் கடந்துவிட்டன. கடைசியாகக் கட்டின 7,500 ரூபாய் மட்டும் ஒரு கணக்கில் தங்கியிருந்தது. மற்றது போனது போனதுதான். பிறகு, அவர்கள் கேட்டுக்கொண்டபடியே, மகனிடம் நான்தான் பேசினேன். அவர் சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பின்பு, "ஐயா, வேலை மாற்றித் தருகிறேன் என்ற ஏஜெண்டிடம் போன வருஷம் நானும் ஏமாந்தேன். அம்மா வருத்தப்படுவார்கள் என்று சொல்லவில்லை" என்றார். போனைத் தாயாரிடம் கொடுத்துவிட்டு நான் வெளியே வந்துவிட்டேன்.

சென்ற மாதம் பரிசோதனைக்கு வந்திருந்தார்கள். கூரை இன்னும் பாதியில்தான் நிற்கிறதாம். போனின் பின்பக்கத்தில் பிளாஸ்திரி ஒட்டி, அதில் நீல மையால் 1930 என்று எழுதி வைத்திருந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாளுக்கும் ஒன்று எழுதிக் கொடுக்க, நர்ஸ் சகோதரியிடம் பிளாஸ்திரி கேட்டுக்கொண்டிருந்தார்கள்.