ஓம்

(சங்கத்தின் சித்திரைப் புத்தாண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)



விழாக் குழுவினர் என்னிடம் தமிழின் பெருமை பற்றி ஏதாவது பேசும்படி கேட்டார்கள். நான் ஏ.எல். வரை படித்துவிட்டு இங்கே பக்ரறியில் நிற்கிறவன். பெருமை பேசப் பண்டிதர்கள் இருக்கினம். நான் ஒரேயொரு சொல்லை மட்டும் கொண்டு வந்திருக்கிறேன். இரண்டே எழுத்து. குழுவினர் கேட்டபோது நான் பதிலாகச் சொன்னதும் அந்தச் சொல்தான்: "ஓம்."

வேலைத்தலத்தில் ரீ பிரேக் நேரம் வீட்டுக்குப் போன் எடுப்பேன். என் பக்கத்துக் கதை முழுக்க "ஓம்... ஓமோம்... ஓமப்பா" தான். என்னோடு நிற்கிற வெள்ளைக்காரர் ஒருநாள் கேட்டார், தினமும் போனிலா தியானம் செய்கிறாய் என்று. அவருடைய மனைவி யோகா வகுப்பில் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் சொல்கிறாவாம். பால் வாங்கி வரச் சொன்னதற்கு நான் சம்மதம் சொன்னேன் என்று விளங்கப்படுத்துவதற்குள் பிரேக் முடிந்துவிட்டது. தமிழ்நாட்டுத் தம்பி ஒருவரும் எங்களோடு வேலை செய்கிறார். அவருக்கும் சிரிப்பு. "அண்ணே, எல்லாத்துக்கும் ஏன் மந்திரம் சொல்றீங்க? ஆமான்னு சொல்லுங்க" என்பார்.

அவருடைய "ஆமா" எழுத்தில் "ஆம்". அது "ஆகும்" என்பதன் சுருக்கம். ஆகும், அப்படியே ஆகட்டும் என்று பொருள். எங்கள் "ஓம்" அதன் உடன்பிறப்பு. கோயிலில் கேட்கிற ஓம் எங்கிருந்து வந்தது என்பதில்தான் அறிஞர்களுக்குள் வழக்கு. சாந்தோக்கிய உபநிடதம் தன் தொடக்கப் பகுதியிலேயே, இது சம்மதத்தைக் காட்டும் எழுத்து, ஒருவர் எதற்காவது உடன்படும்போது ஓம் என்கிறார் என்று விளக்குகிறது. அதாவது அந்தக் காலத்து வேதியரும் நாங்கள் பாலுக்குச் சொல்வது போலத்தான் சொல்லியிருக்கிறார்கள். பின்லாந்து நாட்டு அறிஞர் அஸ்கோ பர்ப்போலா 1981இல் எழுதிய கட்டுரையில், வடமொழி ஓம் திராவிட மொழியின் "ஆம்" என்பதிலிருந்து போயிருக்கலாம் என்றார். மாக்ஸ் முல்லர் போன்றோர் வடமொழிக்குள்ளேயே வேர் தேடினார்கள். தீர்ப்பு இன்னும் வரவில்லை. ஆனால் "ஓம் எண்டு சொல்லாதை, அது பட்டிக்காட்டுப் பேச்சு" என்று பிள்ளைகளைத் திருத்துகிற பெற்றோர் இதைக் கொஞ்சம் யோசிக்கவேணும்.

இன்னொரு ஓம் என் வேலையிலேயே இருக்கிறது. மெஷின் நின்றால் எலெக்ரீசியன் மீற்றரைக் கொண்டு வருவார். அதில் குதிரை லாடம் போல ஒரு அடையாளம். அது ஒமேகா என்ற கிரேக்க எழுத்து. மின்தடையை அளக்கிற அலகின் பெயர் ஓம். 1827இல் மின்னோட்டத்தின் விதியை வெளியிட்ட ஜேர்மன்காரர் கேயோர்க் ஓம் என்பவரின் குடும்பப் பெயர் அது. ஜேர்மன் மொழியில் அந்தச் சொல்லுக்குப் பழைய பொருள் என்ன தெரியுமோ? தாய்மாமன்! ஒல்லாந்தரும் மாமனை "ஓம்" என்றுதான் கூப்பிடுவார்கள். ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்து நூற்று முப்பது வருசத்துக்கு மேல் இருந்தார்கள். கந்தோர், லாச்சி எல்லாம் அவர்கள் விட்டுப்போன சொற்கள். அவர்களுடைய ஓம் மட்டும் எங்களிடம் ஒட்டவில்லை. மாமாவுக்கு எங்களிடம் ஏற்கனவே நல்ல சொல் இருந்ததே. இந்தோனேசியர் அதை எடுத்துக்கொண்டார்கள். அங்கே இன்றும் சின்னப் பிள்ளைகள் மாமாமாரை "ஓம்" என்று கூப்பிடுவினம். ஒல்லாந்தில் பிறந்த எங்கள் மருமக்களும் பள்ளிக்கூடச் சிநேகிதரின் மாமனை அப்படித்தான் சொல்வினம்.

மாமனும் மந்திரமும் மின்சாரமும் சிரிக்கிற கதை. சிரிக்க முடியாத கதை ஒன்றும் இருக்கிறது. அதற்காகத்தான் நான் இந்த மேடைக்கு வந்தேன்.

எங்கள் ஓம், கேட்டவர் சொன்ன வசனத்தை ஒத்துக்கொள்கிற சொல். "நீங்கள் சாப்பிடேல்லையோ?" என்றால், "ஓம், சாப்பிடேல்லை" என்போம். நீர் சொன்னது சரி என்று பொருள். இங்கிலிசில் அதே கேள்விக்கு "நோ" சொல்லவேணும். "யெஸ்" என்றால் சாப்பிட்டாச்சு. இங்கிலிசுக்காரரும் ஒரு காலத்தில் இதைப் பிரித்தே வைத்திருந்தார்கள். நேர்க் கேள்விக்கு "யே" என்றும், "இல்லையா" என்று கேட்டதை மறுக்க "யெஸ்" என்றும் சொன்னார்கள். இப்போது எல்லாவற்றுக்கும் யெஸ்தான். பிரெஞ்சில் "சி", ஜேர்மனில் "டொக்" என்று அந்த மறுப்புச் சொல் இன்றும் தனியாக இருக்கிறது. பாரிசிலும் ஜேர்மனியிலும் உள்ள சொந்தக்காரரைக் கேட்டுப் பாருங்கோ.

என்னோடு ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்த ஒரு தம்பிக்கு அகதி நேர்காணல் நடந்தது. "அதற்குப் பிறகு நீங்கள் ஊருக்குத் திரும்பிப் போகவில்லையா?" என்று அதிகாரி கேட்டார். தம்பி "ஓம்" என்றார். போகவில்லை என்பதுதான் அவர் சொன்னது. மொழிபெயர்ப்பாளர் "யெஸ்" என்றார். சொல்லைப் பார்த்தால் அவர் மாற்றிச் சொல்லவில்லை. ஆனால் தாளில் ஏறியது வேறு. இடையிடையே, கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்காகவும் தம்பி "ஓம், ஓம்" என்று தலையாட்டியிருக்கிறார். அவையும் சில இடத்தில் பதிலாகப் பதியப்பட்டன. நிராகரிப்புக் கடிதத்தில் காரணம் வந்தது: எழுத்தில் போகவில்லை என்கிறார், நேரில் போனேன் என்கிறார், ஆகவே நம்ப முடியாது. ஒரு சொல்லுக்காகப் பதினொரு மாதம் வேலை அனுமதியும் இல்லாமல், அம்மாவுக்குக் காசு அனுப்பவும் முடியாமல் அந்த அறைக்குள் இருந்தார். சொலிசிற்றர் ஒலிப்பதிவை எடுத்து வேறொரு மொழிபெயர்ப்பாளரிடம் கேட்பித்த பிறகுதான், அப்பீலில் விசயம் விளங்கியது.

இந்த மண்டபத்தில் நேர்காணலுக்குக் காத்திருக்கிறவர்கள் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். ஓம் என்று மட்டும் சொல்லி நிறுத்தாதையுங்கோ. முழு வசனமாகச் சொல்லுங்கோ: "நான் போகவில்லை." "என்னைப் பிடித்தார்கள்." கேள்வி "இல்லையா" என்று முடிந்தால் இரட்டிப்புக் கவனம். கேட்டுக்கொண்டிருக்கும்போது பேசாமல் இருங்கோ, மரியாதைக் குறைவு என்று ஒருவரும் நினைக்கமாட்டினம். தொடக்கத்தில் மொழிபெயர்ப்பாளரின் பேச்சு விளங்குகிறதா என்று கேட்பார்கள். விளங்காவிட்டால் வெட்கப்படாமல் அங்கேயே சொல்லுங்கோ. ஆஸ்பத்திரியிலும் இதே கதைதான். "மருந்து ஒன்றும் ஒத்துக்கொள்ளாமல் போனதில்லையே?" என்று நேர்ஸ் கேட்டால், அம்மா ஓம் என்பா. கூடப் போகிற பிள்ளைகள் அதை அப்படியே யெஸ் ஆக்காமல், அம்மா என்ன சொல்ல வந்தா என்று கேட்டுச் சொல்லவேணும்.

வீட்டில் மட்டும் நீங்கள் நினைத்தபடி ஓம் சொல்லலாம். சாப்பாட்டு மேசை ஆயத்தம் என்று செயலாளர் கையைக் காட்டுகிறார்.

ஓம், வாறன்.