வல்லவன் வாழ்வதுதான் இயற்கை நீதியா?

(மன்னாரில் ஆற்றிய உரை)



"வல்லவன் வாழ்வான், மெலிந்தவன் மடிவான், இயற்கையின் இந்நியதியில் அரசு தலையிடலாகாது" என்று கற்றோர் சிலரும் பேசக் கேட்கின்றோம். இதற்கு டார்வினைச் சாட்சிக்கு அழைக்கின்றனர். அச்சாட்சியை நாம் குறுக்கு விசாரணை செய்வோம்.

டார்வினின் நூல் 1859இல் வெளிவந்தது. "தகுந்தவை பிழைத்தல்" என்னும் தொடரோ 1864இல் ஹெர்பர்ட் ஸ்பென்சர் ஆக்கியது. டார்வின் பின்னரே அதனை ஏற்றார். தகுதியாவது சூழலுக்குப் பொருந்துதல், வலிமையுமன்று, மேன்மையுமன்று. ஒருவருக்கொருவர் இரங்கித் துணைநிற்கும் கூட்டமே தழைக்கும் என்று 1871இல் அவரே வாதித்தார்.

இனி நம் மண்ணின் சாட்சியைக் கேளுங்கள். 1840களில் கோப்பித் தோட்டங்களுக்கென அக்கரையிலிருந்து வந்த ஏழை மக்கள், தலைமன்னாரிலும் அரிப்பிலும் கரையிறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தனர். நீரின்றியும், வாந்திபேதியாலும், அம்மையாலும் ஆயிரக்கணக்கானோர் வழியிலேயே மாண்டனர். அவர்கள் தகுதியற்றவர்களா? 1914இல் தலைமன்னாருக்குப் புகைவண்டியும் தனுஷ்கோடியிலிருந்து கப்பலும் வந்தன. அதே ஊர்களின் ஏழைகள் வண்டியேறி மலைநாடு சேர்ந்தனர். மாறியது மக்களின் உடலன்று, வழியே மாறியது. கிணறும் மருந்தும் வைக்காத ஆட்சியின் குற்றத்தை இயற்கையின்மேற் சுமத்துவது நீதியாகுமா?

பெருமீன் சிறுமீனை விழுங்கும் நிலையை முன்னோர் மச்ச நியாயம் என்றனர். அதனை ஒழிக்கவே அரசு தோன்றிற்று என்பது அர்த்தசாத்திரக் கொள்கை. கட்டுக்கரைக் குளத்தில் நீர் குறைந்தால், கமக்காரர் கூடிச் சிறுபோகத்தில் விதைக்கும் பரப்பைக் குறைத்து வரையறுக்கின்றனர். மடைக்கு அருகிலிருப்பவனே வல்லவன் என்று விட்டால், கடைவாய்க்காற் காணியின் கதி என்ன?

கடலுக்கும் அந்நீதியே வேண்டும். கடலடியை வாரும் இழுவைமடித் தொழிலை இலங்கைச் சட்டம் 2017இல் தடை செய்தது. ஆயினும் இழுவைப்படகுகளால் வலையிழந்த சிறு வள்ளக்காரரின் முறையீடு ஓயவில்லை. அக்கரையோர் நம் உடன்பிறப்புகளே. அங்குக் கூலிக்குப் படகேறுவோரும் ஏழைகளே. அதற்காக நாம் வாய்மூடி இருக்கலாகாது. உறவினரிடம் நியாயம் கேட்பது பகையன்று. பெரிய இயந்திரம் உடையவனே பிழைக்கட்டும் என்று விட்டால், மீன்குஞ்சும் அழிந்து, ஈற்றில் அவனும் பிழையான்.

ஆகவே தோழர்களே! சட்டம் ஏட்டில் உறங்காது செயற்படட்டும். இருகரைத் தொழிலாளரும் நேரில் அமர்ந்து பேசட்டும். இழுவைமடியை விடுவோருக்கு மாற்றுத் தொழில் தருவது அங்குள்ள ஆட்சியின் கடமையாகட்டும். இயற்கையின் பெயரால் எளியோரைக் கைவிடும் வாதத்தை நாம் எந்த மன்றத்திலும் ஏற்கமாட்டோம்.