கைதுப் பலகையில் யார் பெயர் இல்லை?

(விம்கோ நகரில் இளைஞர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்தக் கூட்டத்துக்கு என்னை அழைத்த தம்பி போனில் கேட்ட கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். "அக்கா, நம்ம ஏரியாவுல ஒருத்தனை போலீஸ் தூக்கிட்டுப் போயிட்டா எங்க வச்சிருக்காங்க, என்ன கேஸுன்னு நாமளே பார்க்க முடியுமா? ஒருத்தன் மேல வாரண்ட் இருக்கான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

வழி இருக்கிறது. ஆனால் ஒரே இடத்தில் பெயரைத் தட்டினால் எல்லாம் வந்துவிழும் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் பல கவுண்டிகளில் சிறையில் இருப்பவர்கள் பட்டியலையே இணையத்தில் போட்டுவிடுகிறார்கள். நம் ஊரில் தகவல் காவல் நிலையம், கட்டுப்பாட்டு அறை, நீதிமன்றம் என்று மூன்று இடங்களில் சிதறிக் கிடக்கிறது. எதை எங்கே கேட்பது என்று தெரிந்தவர் தெருவுக்கு இரண்டு பேர் இருந்தால் போதும். அந்த இரண்டு பேர் நீங்கள் என்று நினைத்துத்தான் பேசுகிறேன்.

முதலில் ஒரு வார்த்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். 'விசாரணை'. "கைது எல்லாம் இல்லம்மா, சும்மா விசாரணைக்குத்தான் கூட்டிட்டு வந்தோம், காலையில அனுப்பிடுவோம்." வடசென்னையில் இதைக் கேட்காத தாய் குறைவு. கைது என்று எழுதினால் நேரம் எழுத வேண்டும், சாட்சி வேண்டும், 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும். 'விசாரணை' என்று வாயால் சொல்லிவிட்டால் எதையும் எழுத வேண்டியதில்லை. சட்டத்தில் அப்படி ஒரு வசதி கிடையாது. ஒருவரை விசாரிக்க அழைப்பதற்கும் எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும்.

அந்த எழுதப்படாத மணி நேரங்களில்தான் ஆட்கள் சாகிறார்கள். 2022 ஏப்ரல் 18 இரவு வாகனச் சோதனையில் பிடிக்கப்பட்ட விக்னேஷ் மறுநாள் தலைமைச் செயலகக் குடியிருப்பு காவல் நிலையத்தில் இறந்தார். மெரினாவில் குதிரை ஓட்டிப் பிழைத்த தலித் இளைஞர். பிறகு அது கொலை வழக்காகவும் வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்காகவும் மாற்றப்பட்டு, காவலர்கள் கைதானார்கள். அதே ஆண்டு ஜூனில், இங்கிருந்து சில கிலோமீட்டரில் இருக்கும் கொடுங்கையூர் காவல் நிலையத்தில், திருட்டு வழக்கு விசாரணைக்குக் கொண்டுவரப்பட்ட ராஜசேகர் இறந்தார். 2025 ஜூன் கடைசியில் மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமார். ஒவ்வொரு முறையும் நாம் கேட்ட முதல் கேள்வி ஒன்றுதான்: எத்தனை மணிக்குப் பிடித்தீர்கள், எங்கே எழுதியிருக்கிறீர்கள்?

முதனை கிராமத்து ராஜாக்கண்ணுவின் மனைவி பார்வதி 1993-இல் கேட்டதும் இதைத்தான். தப்பி ஓடிவிட்டார் என்று காவல் நிலையம் சொன்னது. அன்று வழக்கறிஞராக இருந்த கே.சந்துரு மூலமாக உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டு, வருடக்கணக்கில் நடந்துதான் கணவர் காவலில் கொல்லப்பட்டதை அந்த அம்மா நிறுவினார். 'ஜெய் பீம்' படத்தில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நேர்மையான கைதுப் பதிவு ஒன்று இருந்து, அதை யாராவது அன்றே போய்ப் படித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

இந்த உரிமை அரசியல் சட்டத்துக்குள் வந்த கதையையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். உயிருக்கும் சுதந்திரத்துக்குமான பிரிவிலிருந்து நீதிமன்றம் நியாயம் பார்க்கும் வார்த்தைகளை அரசியல் நிர்ணய சபை எடுத்துவிட்டது. அந்த இழப்பை ஓரளவாவது ஈடுகட்ட 1949 செப்டம்பரில் பாபாசாகேப் அம்பேத்கர் 15-ஏ என்று ஒரு புதிய பிரிவைக் கொண்டுவந்தார். இன்றைய 22-ஆவது பிரிவு அதுதான். கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும், வழக்கறிஞரைப் பார்க்கவிட வேண்டும், 24 மணி நேரத்தில் நடுவரிடம் கொண்டுபோக வேண்டும். தடுப்புக் காவலும் அதே பிரிவில்தான் உட்கார்ந்திருக்கிறது. குண்டர் சட்டத்தின் வேர் அங்கே இருக்கிறது. அந்தக் கசப்பை மறைத்துப் பேச நான் வரவில்லை.

நடைமுறைக்கு வருவோம். 1996 டிசம்பரில் டி.கே.பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதில் நம் வேலைக்கு இரண்டு விஷயங்கள் முக்கியம். ஒன்று, கைது மெமோ. கைதான நேரமும் தேதியும் அதில் இருக்க வேண்டும். குடும்பத்தில் ஒருவரோ அந்தப் பகுதியைச் சேர்ந்த ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும், கைதானவரும் போட வேண்டும். வீட்டில் வைத்துப் பிடித்தால் அம்மாவிடம் கையெழுத்து கேட்பார்கள். கையெழுத்துப் போடுமுன் நேரத்தைப் படிக்கச் சொல்லுங்கள். முடிந்தால் போனில் ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். இரவு 11 மணிக்குத் தூக்கியவரை மறுநாள் மதியம் கைது செய்ததாக எழுதினால், நடுவில் போன அந்த மணி நேரங்களுக்கு யார் பொறுப்பு?

இரண்டாவது, பலகை. கைது நடந்த 12 மணி நேரத்துக்குள் கட்டுப்பாட்டு அறைக்குத் தகவல் போக வேண்டும், அங்கே கண்ணில் படும் பலகையில் போட வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு. பிறகு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 41-சி என்ற பிரிவைச் சேர்த்தார்கள், 2010 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு வெளியே உள்ள பலகையில் கைதானவர் பெயர், முகவரி, கூடவே கைது செய்த அதிகாரியின் பெயர், பதவி எல்லாம் எழுத வேண்டும் என்றது அது. பொதுமக்கள் தெரிந்துகொள்வதற்காக மாநில அளவில் ஒரு தகவல் தொகுப்பும் வைக்கச் சொன்னது.

2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டம். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா. பெயரைச் சொல்லிப் பழகவே நமக்கு ஒரு வகுப்பு வேண்டும். அதில் 37-ஆவது பிரிவு, ஒவ்வொரு காவல் நிலையத்திலும் உதவி சார்பு ஆய்வாளர் பதவிக்குக் குறையாத ஒருவரை இதற்கென்றே நியமிக்க வேண்டும் என்கிறது. கைதானவர் பெயர், முகவரி, குற்றத்தின் தன்மை ஆகியவற்றை ஒவ்வொரு காவல் நிலையத்திலும் மாவட்டத் தலைமையிடத்திலும் எல்லோருக்கும் தெரியும்படி வைக்க வேண்டும், டிஜிட்டலாகவும் வைக்கலாம் என்கிறது. ஆணையரகத்துக்குப் போகாமல் ஸ்டேஷன் வாசலிலேயே பார்க்கலாம் என்பது நமக்கு நல்லது. ஆனால் இரண்டு பிரிவுகளையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். பலகையிலிருந்து ஒரே ஒரு பெயர் காணாமல் போயிருக்கிறது. கைது செய்த அதிகாரியின் பெயர்.

இதைச் சின்ன விஷயம் என்று விட என்னால் முடியவில்லை. பாசு தீர்ப்பில் இந்தப் பலகை வந்தது போலீஸைக் கண்காணிப்பதற்கு. யார் காவலில் ஒரு உயிர் இருக்கிறது என்று ஊருக்குத் தெரிந்தால் கை கொஞ்சம் தயங்கும் என்ற கணக்கு. அதிகாரி பெயரை எடுத்துவிட்டு, கைதானவனின் பெயரையும் தெருவையும் மட்டும் தொங்கவிட்டால் அது வேறு பலகை. இன்னும் குற்றம் நிரூபிக்கப்படாத ஒருவனை ஊருக்குக் காட்டும் பலகை. நம் நகரங்களில் தெருப் பெயரைச் சொன்னாலே சாதி தெரிந்துவிடும். தெருப் பெயர் தெரிந்தால் அவன் வேலை கேட்டுப் போகும் கம்பெனிக்கு மற்றது தானாகத் தெரியும். ஆகவே பலகையைப் படியுங்கள், படம் எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள். குடும்பத்துக்கும் வழக்கறிஞருக்கும் சொல்லுங்கள், போதும். 18 வயதுக்குக் கீழ் என்றால் பெயர் எங்கேயுமே வெளியே வரக் கூடாது, இளைஞர் நீதிச் சட்டம் தெளிவாகத் தடுக்கிறது. அதிகாரி பெயர் சட்டத்திலிருந்து முழுதாகப் போய்விடவும் இல்லை. கைது செய்பவர் பெயர் தெளிவாகத் தெரியும் அடையாளத்தோடுதான் வர வேண்டும் என்று 36-ஆவது பிரிவு சொல்கிறது. மெமோவைக் கேட்டு வாங்கினால் பெயரும் வந்துவிடும்.

போலீஸிடம் நம்மைப் பற்றி வேறொரு நோட்டும் இருக்கிறது. ஹிஸ்டரி ஷீட். ரவுடிப் பட்டியல் என்று நாம் சொல்வது. 1871-இன் குற்றப் பரம்பரைச் சட்டம் 1947-இல் சென்னை மாகாணத்தில் ஒழிந்தது, 1952-இல் நாடு முழுக்க ஒழிந்தது. பிறப்பை வைத்துச் சந்தேகிக்கும் பழக்கம் மட்டும் நோட்டை மாற்றிக்கொண்டது. 2024 மே மாதம் அமானத்துல்லா கான் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஹிஸ்டரி ஷீட் காவல்துறையின் உள் ஆவணம், அதைப் பொதுவெளியில் விடக் கூடாது என்றது. பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட சமூகங்களைச் சேர்ந்தவர்கள் என்பதற்காகவே அப்பாவிகள் மேல் இயந்திரம்போல ஷீட் திறக்கப்படுவதைப் பற்றியும் கவலைப்பட்டது. ஆனால் 'பிரபல ரவுடி' என்ற அடைமொழி கைதான மறுநாளே செய்தியில் வருகிறது. எழுதி வெளியில் வைக்க வேண்டிய மெமோவும் பலகையும் உள்ளே, உள்ளே இருக்க வேண்டிய ஷீட் வெளியே. நான் பார்த்தவரை நம் பகுதிகளில் இதுதான் நிலவரம்.

சரி, ஆளைக் காணோம். எங்கே தேடுவது? விம்கோ நகரில் இருப்பவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. திருவொற்றியூர் காவல் நிலையம் சென்னை ஆணையரகம். எண்ணூர், 2022-இல் பிரிந்த ஆவடி ஆணையரகம். எல்லை நம் காலடியில் ஓடுகிறது. ஒரு ஸ்டேஷனில் "எங்களிடம் இல்லை" என்றால் அது உண்மையாகவே இருக்கலாம், பக்கத்து ஸ்டேஷனில் இருக்கலாம், தனிப்படை வேறெங்கோ வைத்திருக்கலாம். அதனால் இரண்டு கட்டுப்பாட்டு அறைகளுக்கும் சொல்லுங்கள். 112-க்கு அழைத்தால் அழைத்த நேரம் பதிவாகும். முன்பெல்லாம் மூத்த வழக்கறிஞர்கள் முதலில் கேட்பது "தந்தி அடிச்சாச்சா?" என்றுதான். சட்டவிரோதக் காவல் என்று ஆணையருக்கும் தலைமை நீதிபதிக்கும் ஒரு தந்தி. பின்னால் நீதிமன்றத்தில் நேரத்தைக் காட்டும் சாட்சி அது. 2013 ஜூலையோடு தந்தி முடிந்துபோனது. இப்போது மின்னஞ்சலும் விரைவுத் தபாலும் அந்த வேலையைச் செய்கின்றன. வழக்கறிஞர் இல்லையென்றால் 15100, இலவசச் சட்ட உதவி எண்.

எஃப்.ஐ.ஆர் பார்ப்பது சுலபம். பதிவான 24 மணி நேரத்தில் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பாலியல் வழக்குகள், தீவிரவாதம் போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு. தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவையில் மாவட்டம், நிலையம், ஆண்டைக் கொடுத்துப் பாருங்கள். எண்ணூர் வழக்கைச் சென்னையில் தேடி "இல்லை" என்று திரும்பிவிடாதீர்கள், ஆவடியில் தேடுங்கள். எஃப்.ஐ.ஆரில் பெயர் இருப்பதால் கைது என்று அர்த்தமில்லை, பெயர் இல்லாததால் கைது செய்ய மாட்டார்கள் என்றும் இல்லை. 'மற்றும் சிலர்' என்ற இரண்டு சொற்களுக்குள் ஒரு தெருவே அடங்கும்.

வாரண்ட் வேறு கதை. அதைப் போடுவது நீதிமன்றம், போலீஸ் இல்லை. பொதுமக்கள் பார்க்கும்படி நாடு முழுவதற்குமான ஒரே வாரண்ட் பட்டியல் நம்மிடம் இல்லை. ஆனால் வழக்கின் நிலை இ-கோர்ட்ஸ் தளத்தில் இருக்கிறது. பெயரைப் போட்டுத் தேடினால் ஆங்கில எழுத்துக் குழப்பத்தில் மாட்டிக்கொள்வீர்கள். எஃப்.ஐ.ஆர் எண், நிலையம், ஆண்டு போட்டுத் தேடுங்கள். 16 இலக்க சி.என்.ஆர் எண் கிடைத்துவிட்டால் அதைக் குறித்து வையுங்கள். வாய்தா வரலாற்றில் பிணையில் விட முடியாத வாரண்ட் நிலுவையில் இருப்பதாகக் காட்டினால் எடுத்ததும் ஓடி ஒளியாதீர்கள். நீதிமன்ற அலுவலகத்தில் நேரில் உறுதி செய்துகொண்டு, வழக்கறிஞரோடு போய் வாரண்டைத் திரும்பப் பெற மனு போடுங்கள். போட்ட நீதிமன்றம் ரத்து செய்யும் வரை அது செத்துப்போகாது, அஞ்சு வருஷம் ஆனாலும்.

நம் ஆட்கள் மேல் வாரண்ட் வருவது பெரும்பாலும் எப்படி? துறைமுகத்திலோ மணலியிலோ ஒப்பந்த வேலை. வாய்தாவுக்குப் போனால் அன்றைய கூலி போச்சு, இரண்டு முறை போனால் வேலையே போச்சு. போகாமல் விட்டால் வாரண்ட். இன்னொன்று, சம்மன் பழைய வீட்டுக்குப் போகும். வாடகை வீடு மாறியிருப்பார், குடிசையை இடித்து வேறெங்கோ அனுப்பியிருப்பார்கள். போராட்டத்துக்குப் போகும் தோழர்கள் இதைக் கவனியுங்கள். மண்டபத்தில் வைத்து, சாப்பாடு போட்டு, மாலை விட்டுவிட்டார்கள் என்று செல்ஃபி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுகிறோம். அன்றைக்கு எஃப்.ஐ.ஆர் போட்டிருப்பார்கள். மூன்று வருஷம் கழித்துப் பாஸ்போர்ட் விசாரணையில் தெரியவரும். கைதான வாரமே தேடி, எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முதலில் சம்மன், பிறகு பிணையில் விடக்கூடிய வாரண்ட், அதற்கும் வராவிட்டால்தான் அடுத்தது என்று 2007-இல் இந்தர் மோகன் கோஸ்வாமி வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த முறையை உங்கள் வழக்கறிஞர் நினைவூட்டட்டும்.

கடைசியாக ஒன்று. இரண்டு ஆணையரகங்களுக்கும் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுதி வந்திருக்கிறேன், தமிழில், ஒரே பக்கம். 37-ஆவது பிரிவின்படி திருவொற்றியூர், எண்ணூர் நிலையங்களில் நியமிக்கப்பட்ட அதிகாரி யார், பலகை எங்கே இருக்கிறது, டிஜிட்டலாக எங்கே பார்க்கலாம், எந்தத் தேதியிலிருந்து. ஒருவரின் உயிரும் சுதந்திரமும் பற்றிய தகவல் என்றால் 48 மணி நேரத்தில் பதில் தர வேண்டும், இந்த மனுவுக்கு 30 நாள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும். படிவங்கள் வாசல் மேசையில் இருக்கின்றன, பேனாவும் வைத்திருக்கிறோம். கையெழுத்துப் போடுகிறவர்கள் முகவரியை முழுசாக எழுதுங்கள், பதில் அங்கேதான் வரும்.