நேத்து வெட்டின படி இன்னைக்கு இல்ல

போன எபிசோட்ல ஐஸ்லாந்து பத்தி ஒரு வரி சொல்லிட்டு நிறுத்தினதுக்கு, "முழுசா சொல்லுங்க ப்ரோ"ன்னு ஏகப்பட்ட மெசேஜ். சொல்றேன்.

ஆம்ஸ்டர்டாமில் ரெண்டு வாரம் ஆபீஸ் வேலை. அது முடிஞ்சப்ப கையில் ஷெங்கன் விசா, நாலு நாள் லீவ். ஐஸ்லாந்துக்கும் அதே விசா செல்லும்னு தெரிஞ்சதும் டிக்கெட் போட்டுட்டேன்.

ரெய்க்யவிக்கிலிருந்து தெற்குக் கடற்கரை வழியா பஸ்ஸில் ரெண்டு மணி நேரத்துக்கு மேல. இறங்கின இடம் சோல்ஹெய்மாயோக்குல். யோக்குல்னா கிளேசியர். அதுக்குத் தமிழில் பனியாறுன்னு பேர் வச்சவரைக் கும்பிடணும். ஏன்னா அது நிஜமாவே ஓடுது, நம்ம கண்ணுக்குத் தெரியாத வேகத்தில். மேலே மிர்தால்ஸ்யோக்குல்னு மலையையே மூடிக் கிடக்கிற பெரிய பனி. அதிலிருந்து இறங்குற ஒரு கிளைதான் இது. அந்தப் பெரிய பனிக்கு அடியில் காட்லா எரிமலை. கடைசியா பெரிய அளவில் வெடிச்சது 1918ல்.

முதல் ஏமாற்றம், ஐஸ் வெள்ளையா இல்ல. பல இடத்தில் கறுப்பு. அம்மாவுக்கு போட்டோ அனுப்பினா, "என்னடா, ரோடு போட தார் கொட்டின மாதிரி இருக்கு?"ன்னு பதில் வருது. எரிமலைச் சாம்பல்மா அது! சாம்பல் லேசா படிஞ்சா வெயிலை இழுத்து ஐஸைச் சீக்கிரம் உருக்கிடும். கனமா படிஞ்சா அதே சாம்பல் போர்வையாகி, அடியில் இருக்கிற ஐஸைக் காப்பாத்தும். சுத்தி இருக்கிறதெல்லாம் உருகி இறங்கிட, மூடின இடம் மட்டும் கூம்பு கூம்பா நிக்கும். பார்க்க கரித்தூள் குவியல். சுரண்டினா உள்ளே கண்ணாடி மாதிரி ஐஸ்.

தலையில் ஹெல்மெட், இடுப்பில் பெல்ட், ஷூவுக்கு அடியில் கிராம்பான், அதாவது இரும்பு முள் செட். நடக்கவே மறுபடி கத்துக்கணும். காலை அகட்டி, பாதத்தை முழுசா தட்டையா அழுத்தி வைக்கணும். ஒட்டி வச்சா ஒரு கால் முள் இன்னொரு கால் பேண்டில் மாட்டிக் கவுத்திடும். எங்க கைடு ஒரு பொண்ணு, என் வயசுதான் இருக்கும். "நான் மிதிச்ச இடத்தில் மிதிங்க. அவ்ளோதான் ரூல்"னாங்க.

அந்த ஒரே ரூலை உடைச்சவன் நான்.

வழியில் ஒரு மூலான். உருகின தண்ணி ஐஸைத் துளைச்சுக்கிட்டு இறங்குற கிணறு. அழுத்தத்தில் காத்தெல்லாம் வெளியேறிப்போன பழைய ஐஸ் சிவப்பு வெளிச்சத்தை விழுங்கிட்டு நீலத்தை மட்டும் விடும். அதனால கிணத்துச் சுவர் முழுக்க அப்படி ஒரு நீலம். வீடியோ எடுக்க வரிசையை விட்டு ரெண்டு அடி வெளியே போனேன். ரெண்டே அடிதான். "அங்கேயே நில்லுங்க. வந்த காலடியிலேயே பின்னாடி வாங்க." கத்தல, மெதுவாத்தான் சொன்னாங்க. நான் வந்ததும் கையளவு ஐஸ் கட்டி ஒன்னை உள்ளே போட்டுக் காட்டினாங்க. விழுந்த சத்தம் கேட்கவே இல்ல. தண்ணி இரைச்சல் மட்டும்தான்.

ரெண்டு திட்டு திட்டியிருந்தாக்கூட தேவலாம். அதுக்கப்புறம் ரொம்ப நேரம் அவங்க குதிகாலைத் தவிர வேற எதையும் நான் பார்க்கல.

செங்குத்தான இடங்களில் கோடாரியால் படி வெட்டிக்கிட்டே போனாங்க. நேத்து வெட்டினதெல்லாம் உருகி வழவழன்னு கிடக்கு. வழியை எழுதி வச்சுட்டுப் போற வேலையே கிடையாது, தினம் காலையில் புதுசா தேடணும். நம்ம டீம்ல டாக்குமெண்டேஷன் எழுதாததுக்கு இதைக் காரணமா சொல்லாதீங்க.

திரும்பும்போது முனையில் ஒரு ஏரி. அந்த இடமும் முன்னாடி ஐஸாத்தான் இருந்துச்சாம். பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடப் பசங்க 2010ல இருந்து வருஷா வருஷம் வந்து, பனியாறு எவ்ளோ பின்வாங்கியிருக்குன்னு அளக்குறாங்க. ஏழாம் வகுப்புப் பசங்க. எனக்கு உறுத்துச்சு. உருகுறதைப் பார்க்கிறதுக்கே பிளைட் பிடிச்சு வந்திருக்கேன். அதைச் சொன்னேன். "நானும் தினம் வேன் ஓட்டிட்டுத்தான் வர்றேன்"னாங்க. இன்னும் எத்தனை வருஷம் இந்த வேலை இருக்கும்னு கேட்டேன். "அடுத்த மாசம் எந்தப் பக்கமா ஏறுறதுன்னே இன்னும் முடிவாகல"ன்னு சொல்லிட்டு, என் கிராம்பான் வாரைக் குனிஞ்சு கழட்டிவிட்டாங்க.

அந்த மூலான் வீடியோ ஆறு செகண்ட் இருக்கு. அம்மாகிட்ட இன்னும் காட்டல.